அகல மொனிட்டரில் படம் நிறையவில்லை: உலாவி நீட்சி தெரிவுசெய்யும்போது எழும் கேள்விகள்

கல்லடியில் ஒரு சிறிய கணினிக் கடை வைத்திருக்கிறேன். விற்பதைவிடத் திருத்துவதுதான் அதிகம். அண்மைக் காலமாக 21:9 அளவு (21 பங்கு அகலம், 9 பங்கு உயரம்) அகல மொனிட்டர் வாங்குகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். கணக்கு எழுதுபவர் இரண்டு அட்டவணைகளைப் பக்கம் பக்கமாக வைக்க வாங்குகிறார். கல்யாண வீடியோ தொகுப்பவர் காட்சிகளை நீளத்துக்கு அடுக்கிப் பார்க்க வாங்குகிறார். இரவில் வேலை முடிந்து ஆசையோடு ஒரு படத்தைப் போடுகிறார்கள். மறுநாள் காலையில் எனக்குத் தொலைபேசி வருகிறது: படம் திரையை நிறைக்கவில்லை, சுற்றிலும் கறுப்பு. அப்படித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். இதற்காகவே அக்கரைப்பற்றிலிருந்து யாரும் பஸ் ஏறி வரவேண்டாம்.

மொனிட்டரும் அகலம், சினிமாப் படமும் அகலம். பிறகு ஏன் நான்கு பக்கமும் கறுப்பு?

அதிகம் வரும் கேள்வி இதுதான். இதற்கு விடை விளங்கிவிட்டால் மற்றவற்றில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

சினிமா 1953இல் சினிமாஸ்கோப்போடு அகலத்துக்குப் போனது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் ‘இராஜராஜ சோழன்’, 1973. இன்று தியேட்டருக்கு வரும் பெரிய படங்களில் பெரும்பாலானவை 2.39க்கு 1 என்ற அளவில், அல்லது அதையொட்டி இருக்கின்றன. தொலைக்காட்சிப் பெட்டி அப்படியில்லை. அது 16:9, அதாவது 1.78க்கு 1. அகலமான படத்தைத் தொலைக்காட்சிக்காகத் தயாரிக்கிறவர்கள் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்து 16:9 பெட்டிக்குள் அடைத்துவிடுகிறார்கள். அந்தக் கறுப்பு வீடியோவின் பகுதியாகவே பதிவாகிவிடுகிறது.

இப்போது அந்த வீடியோவை 2560×1080 மொனிட்டரில் போடுகிறீர்கள். வந்திருப்பது 1920×1080 புள்ளிகள் கொண்ட சட்டம் (ஃபிரேம்) என்பது மட்டுமே உலாவிக்குத் தெரியும். உள்ளே எது படம், எது கறுப்பு என்று அதற்குத் தெரியாது. சட்டத்தை நடுவில் வைத்து இடப்பக்கம் 320, வலப்பக்கம் 320 புள்ளிகளை வெறுமையாக விடுகிறது. சட்டத்துக்குள்ளே படம் 804 வரிகள்தான். மேலே 138, கீழே 138 ஏற்கெனவே கறுப்பு. கணக்குப் பார்த்தால் திரையின் 56 சதவீதத்தில்தான் படம் ஓடுகிறது. பெரிய கடித உறையின் நடுவில் ஒட்டிய முத்திரை போல இருக்கும்.

ஆக, இரண்டு வகைக் கறுப்பு இருக்கிறது. மேலும் கீழும் இருப்பது வீடியோவுக்குள் சுட்டுவைத்த கறுப்பு. இடமும் வலமும் இருப்பது உலாவி விட்ட வெற்றிடம். நல்ல நீட்சி, அதாவது உலாவியோடு சேர்த்து நிறுவும் சிறு நிரல், முதலாவதை வெளியே தள்ளிப் படத்தைப் பெரிதாக்கும். அப்போது இரண்டாவது தானாகவே மறையும்.

என் வீடியோவில் இருப்பது எந்தக் கறுப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

யூடியூப் என்றால் ஓடும் வீடியோவின்மேல் வலப்பக்கக் கிளிக் செய்யுங்கள். வரும் பட்டியலில் ‘ஸ்டாட்ஸ் ஃபோர் நேர்ட்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினால் மூலையில் சிறு எழுத்தில் எண்கள் ஓடும். அங்கே 1920×1080 என்றிருந்து, படத்திலும் மேலே கீழே கறுப்பு இருந்தால் அது சுட்டுவைத்த கறுப்பு, நீட்சி உதவும். 1920×804 அல்லது அதற்குக் கிட்டிய எண் இருந்தால், ஏற்றியவர் கறுப்பு இல்லாமல் ஒழுங்காக ஏற்றியிருக்கிறார். முழுத்திரைக்குப் போனாலே நிறைந்துவிடும். நீட்சி எதுவும் வேண்டாம்.

ஆரையம்பதியிலிருந்து வந்த ஒரு தம்பி மூன்று நீட்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுவியிருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்த வீடியோ இரண்டாவது வகை. மூன்றையும் நீக்கினோம், படம் கரைக்குக் கரை நிறைந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது.

சரி, எந்த நீட்சியைத் தெரிவுசெய்வது?

பெயர் சொல்வதற்கு முன் ஒரு விடயம். எந்த நீட்சியைத் திறந்தாலும் ‘திரையை நிரப்பு’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அது மட்டுமே இருந்தால் அதை விட்டுவிடுங்கள். நாம் வெட்டவேண்டியது படத்தின் விகிதத்துக்கு. திரையின் விகிதத்துக்கு வெட்டினால் படமும் சேர்ந்து போகும்.

வித்தியாசம் இதுதான். இணையத் தொடர்களில் பல இப்போது 2:1 அளவில் வருகின்றன. 16:9 சட்டத்துக்குள் அவற்றுக்கு மேலும் கீழும் மெல்லிய பட்டை இருக்கும். 1080 வரிகளில் 960 படம். ‘திரையை நிரப்பு’ என்று அழுத்தினால், மெல்லிய கறுப்போடு சேர்த்துப் படத்திலும் ஆறில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும். நின்று பேசுபவரின் நெற்றி போய்விடும். ‘இந்தப் படம் 2:1’ என்று நாம் சொல்ல இடம் தரும் நீட்சி, கறுப்பு முடியும் இடம்வரை மட்டும் பெரிதாக்கிப் பக்கங்களில் கொஞ்சம் வெற்றிடம் விடும். அதுதான் சரியான வேலை. 21:9, 18:9, 16:9 என்று விகிதங்களைத் தனித்தனியாகத் தெரிவுசெய்யவும், ஒவ்வொன்றுக்கும் விசைப்பலகையில் ஒரு விசை வைக்கவும் முடியுமா என்பதுதான் நான் முதலில் பார்ப்பது.

அந்த அளவுகோலில் என் வாடிக்கையாளர்களுக்கு நான் முதலில் போட்டுக்கொடுப்பது ‘அல்ட்ராவைடிஃபை’. குரோமிலும் ஃபயர்பொக்ஸிலும் கிடைக்கிறது, இலவசம், மூலநிரல் திறந்தது, அதாவது யாரும் அதைப் படித்துப் பார்க்கலாம். அமைப்புப் பக்கம் முதல் பார்வையில் மிரட்டும். அதில் ஐந்தில் ஒரு பங்குகூட உங்களுக்குத் தேவைப்படாது. இன்னொன்று ‘அல்ட்ராவைடியோ’. அது எளிமையானது; வெட்டலும் இழுத்தலும் அதில் உண்டு. தியேட்டர் படங்களை மட்டுமே பார்ப்பவருக்கு அது போதும்.

தானாகவே விகிதம் கண்டுபிடிக்கும் வசதியைப் போட்டுவைக்கலாமா?

போடலாம். நான் போடுவதில்லை.

அந்த வசதி செய்வது என்னவென்றால், ஓடும் வீடியோவிலிருந்து அடிக்கடி ஒரு சட்டத்தை எடுத்து, மேலிருந்து எத்தனையாவது வரியில் கறுப்பு முடிந்து நிறம் தொடங்குகிறது என்று அளக்கிறது. பகல் காட்சியில் அது தவறாது. இருட்டுக் காட்சியில் தடுமாறும். இரவு, காடு, ஒரே ஒரு தீப்பந்தம் என்று காட்சி வந்தால் எது பட்டை, எது இருட்டு என்று அதற்கு எப்படித் தெரியும்? படம் திடீரென்று ஊதிப் பெருத்துப் பிறகு சுருங்கும். பேய்ப் படத்தில் அது நடந்தபோது என் வீட்டில் இரண்டு பேர் கத்தினார்கள். பேய் இன்னும் வந்திருக்கவில்லை.

சில படங்களில் பெரிய காட்சிகள் மட்டும் உயரமாக விரியும், மற்றவை அகலமாகச் சுருங்கும். ஐமாக்ஸ் கமராவில் பாதி எடுத்த படங்கள் அப்படி. அவற்றுக்குத் தானியங்கி வசதி உண்மையில் நல்லது. கையால் செய்தால் ஒவ்வொரு தடவையும் விசையை மாற்றி அழுத்தவேண்டியிருக்கும். பழைய மடிகணினி என்றால், இந்த அளவெடுப்பே இயந்திரத்துக்கு ஒரு சுமை என்பதையும் நினைவில் வையுங்கள்.

யூடியூபில் தானாகச் சரியாகிறது. நெட்ஃபிளிக்ஸில் ஏன் இல்லை?

பூட்டுப் போட்ட வீடியோ என்பதால். கட்டணச் சேவைகள் தங்கள் படங்களைக் குறியாக்கிப் பூட்டித்தான் அனுப்புகின்றன. உலாவி அதைக் காட்டும், ஆனால் வேறு நிரல்கள் சட்டத்தை எடுத்துப் பார்க்க விடாது. நீட்சி எட்டிப்பார்த்தால் அதன் கண்ணுக்கு முழுக்கக் கறுப்பாகவே தெரியும். அளக்க முடியாது. ஆனால் கையால் விகிதம் சொல்லிப் பெரிதாக்குவதற்குப் பூட்டு தடையில்லை. வீடியோவின் உள்ளே பார்க்காமல், அது இருக்கும் பெட்டியைத்தான் நீட்சி பெரிதாக்குகிறது. விசையை அழுத்துங்கள், வேலை முடிந்தது.

நிறுவும்போது ‘எல்லா இணையத்தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்’ என்று அனுமதி கேட்கிறது. பயமாக இருக்கிறது.

பயப்படவேண்டிய இடம்தான். வங்கிக் கணக்குத் திறக்கும் அதே உலாவியில்தானே படமும் பார்க்கிறோம்.

நீட்சி ஏன் அப்படிக் கேட்கிறது என்பதற்கு நியாயம் உண்டு. எந்தத் தளத்தில் வீடியோ ஓடும் என்று அதற்கு முன்கூட்டித் தெரியாது. வீடியோவின் அளவை மாற்றப் பக்கத்தை மாற்றும் உரிமை வேண்டும். ஆனால் அந்த நியாயத்துக்காக நாம் வீட்டுச் சாவியையே கொடுக்கவேண்டியதில்லை. குரோமில் நீட்சிகள் பக்கத்துக்குப் போய், அந்த நீட்சியின் விவரங்களைத் திறந்தால், தள அணுகல் என்ற இடத்தில் மூன்று தெரிவுகள் இருக்கும்: கிளிக் செய்யும்போது மட்டும், குறிப்பிட்ட தளங்களில் மட்டும், எல்லாத் தளங்களிலும். நடுவில் உள்ளதைத் தெரிவுசெய்து, நீங்கள் படம் பார்க்கும் இரண்டு மூன்று தளங்களை மட்டும் எழுதிவிடுங்கள். எட்ஜிலும் இதே வசதி உண்டு. இரண்டு நிமிட வேலை. செய்யாமல் விட்டவர்களின் கணினியைத்தான் நான் அதிகம் துப்புரவாக்கியிருக்கிறேன்.

‘இன்று நல்ல நீட்சி, நாளைக்கும் நல்லதாக இருக்குமா?’ என்று காத்தான்குடியிலிருந்து ஒரு ஆசிரியர் கேட்டார். மிகச் சரியான கேள்வி. ‘த கிரேட் சஸ்பெண்டர்’ என்றொரு நீட்சி இருந்தது. படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; பயன்படுத்தாத தாவல்களைத் தூங்கவைக்கும். மூலநிரல் திறந்தது, 20 இலட்சம் பேர் அளவில் பயன்படுத்தியது. 2020இல் அதை உருவாக்கியவர் வேறொருவருக்கு விற்றார். 2021 பெப்ரவரியில் கூகுள் அதைத் தீங்கு நிரல் என்று சொல்லி எல்லோருடைய உலாவியிலும் முடக்கியது. கை மாறியது பயனர்களில் பெரும்பாலோருக்குத் தெரியவே தெரியாது. ஆகவே நட்சத்திரங்களை மட்டும் நம்பாதீர்கள். கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, புதிதாக வந்த குறைந்த மதிப்பீடுகளில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு நீட்சி புதுப்பிப்புக்குப் பிறகு புதிதாக அனுமதி கேட்டால், கொடுக்கும் முன் ஏன் என்று கேளுங்கள்.

சாளரத்தில் நன்றாக நிறைகிறது. முழுத்திரைக்குப் போனதும் பழையபடி கறுப்பு. ஏன்?

தளத்தைப் பொறுத்தது. யூடியூப் போன்ற தளங்கள் முழுத்திரைக்குப் போகும்போது வீடியோவைச் சுற்றியுள்ள பெட்டியை விரிக்கின்றன. உள்ளே வீடியோவைப் பெரிதாக்க நீட்சிக்கு இடம் இருக்கும். சில தளங்கள் வீடியோவை மட்டும் நேரடியாக முழுத்திரைக்கு அனுப்பும். அப்போது உலாவி தன் சொந்த விதியைப் போட்டு, வேறு யாரும் அளவை மாற்றாமல் தடுத்துவிடும்.

இதற்கு ஒரு சுற்றுவழி இருக்கிறது. தளத்தில் வீடியோவைச் சாளரம் முழுவதும் விரிக்கும் பொத்தான் இருந்தால் அதை அழுத்தி, பிறகு எஃப்11 விசையால் உலாவியையே முழுத்திரையாக்குங்கள். பார்ப்பதற்கு வித்தியாசம் தெரியாது.

வேறொரு தளத்தின் வீடியோவைத் தன் பக்கத்தில் பதித்துவைத்திருக்கும் தளங்களும் உண்டு. அனுமதியைக் குறிப்பிட்ட தளங்களுக்கு மட்டும் கொடுத்திருந்தால், வீடியோ உண்மையில் எங்கிருந்து வருகிறதோ அந்தத் தளத்தின் பெயரையும் பட்டியலில் சேர்க்கவேண்டும்.

கிரிக்கெட்டை முழுத்திரையாகப் பார்க்க முடியாதா?

முடியும், ஆனால் பார்க்காதீர்கள். கிரிக்கெட் ஒளிபரப்பு 16:9இல்தான் எடுக்கப்படுகிறது. சுட்டுவைத்த கறுப்பு அதில் இல்லை. நிரப்பவேண்டுமென்றால் மேலே எட்டில் ஒரு பங்கு, கீழே எட்டில் ஒரு பங்கு வெட்டவேண்டும். கீழே போவது ஓட்ட எண்ணிக்கை.

வெட்ட மனமில்லாமல் ‘இழு’ என்ற பொத்தானை அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பந்து முட்டையாகும். மெலிந்த பந்துவீச்சாளர் பத்துக் கிலோ கூடி ஓடிவருவார். பழகிவிட்டால் தெரியாது என்று ஒரு நண்பர் வாதாடினார். அவருடைய மகளின் பிறந்தநாள் வீடியோவை அதே அமைப்பில் போட்டுக் காட்டினேன், அன்றோடு விட்டுவிட்டார்.

இழுப்பு எதுவும் செய்யாமலே ஆட்கள் பருத்துத் தெரிந்தால், பிழை நீட்சியில் இல்லை. கணினியின் திரை அமைப்பு 1920×1080இல் நிற்கிறதா என்று பாருங்கள். வரைவியல் அட்டைக்குரிய இயக்கி நிரல் ஏற்றாத கணினிகளில் இது அடிக்கடி நடக்கும். மொனிட்டரின் இயல்பான அளவுக்கு மாற்றினால் சரியாகும்.

உபதலைப்பு கீழே வெட்டுப்படுகிறது.

அம்பாறை நகரில் வேலை செய்யும் ஒருவர், சிங்கள நண்பர்களோடு சேர்ந்து தமிழ்ப் படம் பார்க்கும்போது எழுத்துகள் காணாமல் போகின்றன என்று எழுதியிருந்தார். கறுப்புப் பட்டையின் மேலேயே எழுத்தையும் பதித்துவிட்ட வீடியோ அது. பட்டையை வெளியே தள்ளினால் எழுத்தும் கூடவே போகும். எந்த நீட்சியாலும் பிரிக்க முடியாது. பாதி தூரம் பெரிதாக்கி, எழுத்துக்குக் கொஞ்சம் இடம் விடுவதுதான் சமரசம். நிறுத்தவும் போடவும் கூடிய உபதலைப்பு என்றால் கவலை இல்லை. அது வீடியோவுக்கு மேல் தனியாக மிதப்பதால் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நிற்கும்.

நிரப்பிய பிறகு படம் மங்கலாகத் தெரிகிறதே?

804 வரிகளை எடுத்து 3440×1440 திரையில் 1440 வரிகளாக விரிக்கிறீர்கள். ஒரு படி அரிசியில் ஊருக்கே சோறு போடுவது போலத்தான். யூடியூபில் 4கே தெரிவு இருந்தால் அதைப் போடுங்கள். அதில் படம் மட்டும் 3840×1608; உங்கள் திரைக்குத் தேவையானதைவிடக் கூட. டேட்டா அளவோடு பழகும் வீடுகளில் இதைத் தினமும் செய்ய முடியாது என்பதும் தெரியும். நல்ல படத்துக்கு மட்டும் செய்யுங்கள், செய்திக்கு வேண்டாம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் வரைவியல் அட்டை வைத்திருப்பவர்களுக்கு, உலாவி வீடியோவைக் கூர்மையாக்கும் வசதி 2023 பெப்ரவரியில் வந்தது, ஓரளவு உதவும். ஆனால் சித்திரை வெயிலில் அந்த அட்டையின் விசிறி இரைச்சல் வசனத்தை அமுக்கும்.

என்னிடம் 32:9 மொனிட்டர் இருக்கிறது.

வாழ்த்துகள். அதை நிரப்ப 2.39 படத்திலேயே மூன்றில் ஒரு பங்கை வெட்டவேண்டும். செய்யாதீர்கள். படத்தை அதன் விகிதத்தில் நடுவில் வைத்து, பக்கத்தில் வேறு ஏதாவது திறந்துவையுங்கள்.

கைபேசிக்கு?

நீட்சி வேண்டாம். யூடியூப் செயலியில் இரண்டு விரலால் விரித்தாலே போதும்.

தரவிறக்கி வைத்திருக்கும் படத்துக்கு?

உலாவியில் ஏன் பார்க்கிறீர்கள்? விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் திறந்து சி விசையைத் தட்டிக்கொண்டே போனால் வெட்டும் விகிதங்கள் ஒவ்வொன்றாக மாறும். நிறையும் இடத்தில் நிறுத்துங்கள். பக்கத்தில் இருக்கும் ஏ விசை இழுப்புக்குரியது. கை தவறி அதை அழுத்திவிட்டு ‘படம் கெட்டுவிட்டது’ என்று பென்டிரைவோடு வந்தவர்கள் உண்டு.

முன்பு வேலை செய்த நீட்சி ஒரு நாள் தானாகவே நின்றுவிட்டது.

நீங்கள் ஒன்றும் பிழை செய்யவில்லை. நீட்சிகளை எழுதும் விதிமுறையின் இரண்டாம் பதிப்பை குரோம் 2024 ஜூனிலிருந்து படிப்படியாகக் கைவிட்டது. மூன்றாம் பதிப்புக்கு மாற்றி எழுதப்படாத பழைய நீட்சிகள் முடக்கப்பட்டன. அவற்றை உயிர்ப்பிக்க இணையத்தில் சுற்றும் தந்திரங்களைத் தேடாமல், உயிரோடு இருக்கும் ஒன்றுக்கு மாறுங்கள்.

நான் வீடியோ எடுத்து ஏற்றுபவன். பார்ப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் வராமல் என்ன செய்யலாம்?

இந்தக் கேள்வியைக் கேட்டவரை நான் கட்டிப்பிடித்திருக்கவேண்டும். மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழாவை அழகாகப் படம் பிடித்து, ‘சினிமா மாதிரி இருக்கட்டும்’ என்று மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்து ஏற்றியிருந்தார். அகல மொனிட்டரில் அது முத்திரையாகச் சுருங்கியது, கைபேசியிலும் அப்படித்தான்.

தொகுப்பு மென்பொருளில் பட்டை வைப்பதற்குப் பதிலாகச் சட்டத்தின் அளவையே 2560×1080 ஆக வைத்து ஏற்றுமதி செய்யுங்கள். யூடியூப் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். சாதாரணத் தொலைக்காட்சியில் பார்ப்பவருக்குப் பட்டை தானாக வரும், அகலத் திரையில் பார்ப்பவருக்குப் படம் நிறையும். ஒன்று மட்டும்: 16:9இல் எடுத்ததைப் பிறகு அகலமாக வெட்டுவதென்றால் ஒவ்வொரு காட்சியையும் மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். அவருடைய முதல் முயற்சியில் தேர் முழுவதும் இருந்தது, உச்சியில் கலசம் இல்லை. இரண்டாவது முயற்சியில் கலசம் வந்தது, வடம் பிடித்தவர்களுக்குத் தலை இல்லை. கடைசியில் தேர்க் காட்சியை மட்டும் வெட்டாமல் பக்கங்களில் கறுப்பு விட்டு வைத்தார்.

அம்மம்மா பழைய கறுப்புவெள்ளைப் படம்தான் பார்ப்பார். அதை நிரப்ப எந்த விசை?

அந்தப் படங்கள் ஏறக்குறைய சதுரம், 4க்கு 3 கிட்ட. நிரப்பினால் பாதிக்குக் கிட்ட வெட்டுப்படும். இருபக்கமும் கறுப்பு இருக்கட்டும். அப்படியொரு அம்மம்மாவுக்காக நான் ஒரு வீட்டில் செய்தது, பக்கத்துக் கறுப்பு கண்ணை உறுத்தாமல் இருக்க மொனிட்டரின் பின்னால் ஒரு மங்கலான விளக்கை வைத்ததுதான்.